செய்தியால் இயங்கும் ஊர்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு வட்டங்களின் தலைமையூர்கள். 1985ஆம் ஆண்டு வரையில் இவை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இப்பகுதி வானம் பார்த்த பூமி. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கே ஒன்றும் இல்லை. திருச்சுழியை அடுத்துச் செல்லும் குண்டாறு மழைக்காலத்தில் சில நாட்களே பெருக்கெடுக்கும். மற்றை நாட்களில் மணலே கண்ணுக்குப் புலப்படும். ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி, வடகிழக்குப் பருவக்காற்றின் துணையால் ஐப்பசி, கார்த்திகைத் திங்களை ஒட்டிய சில வாரங்களிலேயே பெய்துவிடும். அந்நீரைத் தேக்கி வைத்தால் நெல் விளையும். தேக்கத் தவறினால் குடிநீருக்கும் தட்டுப்பாடு உண்டாகும்.

ஆகவே, இந்நாட்டு மக்கள் நெடுங்காலத்திற்கு முன்னரே சரிவான நிலங்களில் மண்ணால் கரை எழுப்பிக் கண்மாய்களை அமைத்தனர். கண்மாய்க்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால். தேங்கிய நீரை வயலுக்கு விடுவது மடை. மிகுந்த நீரை வெளியேற்றிக் கரையைக் காப்பது கலுங்கு. ஒரு கண்மாயின் கலுங்கு நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். அதன் மிகுநீர் அதற்கும் அடுத்த கண்மாயை நிரப்பும். இவ்வாறு கண்மாய்கள் சங்கிலிபோல் தொடர்ந்து கிடக்கின்றன. தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன.

கண்மாயைக் கட்டுவது அரிய செயல். அதனை ஆண்டுதோறும் காத்து, நீரை முறையாகப் பங்கிடுவது அதனினும் அரிய செயல். வரத்துக்காலைத் தூர்வார வேண்டும். கரையில் நண்டும் எலியும் தோண்டிய வளைகளை அடைக்க வேண்டும். எந்த மடையை எப்போது திறப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். இவை ஒருவரால் ஆகக்கூடியவை அல்ல. பல குடும்பத்தினர் ஒருவர் செயலோடு மற்றவர் செயல் பொருந்துமாறு உழைத்தல் வேண்டும். அவ்வாறு பொருந்தச் செய்வது யாது? செய்தியே ஆகும். பலர் கூடித் தொழில் செய்யும் இடங்களில் செய்தி எவ்வாறு பிறக்கிறது, எவ்வழியே செல்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பவற்றை ஆராயும் கலைக்கு நிறுவனத் தொடர்பியல் என்று பெயர். ஆலைகளையும் அலுவலகங்களையும் கருத்திற்கொண்டு வளர்ந்த இக்கலையின் அடிப்படைக் கருத்துகள் அனைத்தையும் ஒரு கண்மாய்க்கரையிலேயே கண்டு தெளியலாம்.

முதற்கண், நிறுவனம் என்பது யாது? கட்டடமும் பெயர்ப்பலகையும் நிறுவனம் ஆகா. அமெரிக்க நாட்டில் தொலைபேசிக் குழுமம் ஒன்றின் தலைவராக விளங்கிய செஸ்டர் பர்னார்டு என்பார், 1938இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவனத்திற்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை என்று கூறினார். ஒன்று, பொதுநோக்கம், மற்றொன்று, அந்நோக்கத்திற்காக உழைக்கும் மனவிருப்பம், பிறிதொன்று, இவ்விரண்டையும் இணைக்கும் செய்தித்தொடர்பு. கண்மாய்ப் பாசனம் பெறும் ஊரில் இம்மூன்றும் உள. விளைச்சலைக் காப்பது பொதுநோக்கம். வீட்டுக்கு ஓர் ஆள் கரைக்கு வருவது மனவிருப்பம். எந்நாள், எவ்விடத்தில், எக்கருவியுடன் வரவேண்டும் என்று அறிவிப்பது செய்தித்தொடர்பு. முன்னைய இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையாயின், ஊரார் அனைவரும் நல்லவராயிருந்தும் கரை உடையும்.

இனி, செய்தி செல்லும் முறையைக் காண்போம். கார்த்திகைத் திங்களில் விடாமழை பெய்யும் ஓர் இரவை எண்ணிப் பார்க்கலாம். கண்மாய் நிரம்பி நிற்கிறது. நீர்ப்பாய்ச்சி என்னும் ஊழியர் மண்வெட்டியும் விளக்குமாகக் கரைமீது நடந்துவருகிறார். மடையைத் திறப்பது, அடைப்பது, வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடுவது, கரையைக் கண்காணிப்பது ஆகியவை அவர் கடமைகள். அதற்காக அவருக்கு விளைச்சலில் ஒரு பங்கு தானியம் அளிப்பது பழைய வழக்கம். கரையின் வெளிப்புறத்தில் ஓரிடத்தில் கலங்கல் நீர் கசிவதை அவர் காண்கிறார். தெளிந்த நீர் கசிந்தால் அச்சம் குறைவு. கலங்கல் நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்பது பொருள். அவர் ஊருக்குள் விரைகிறார். பறை முழங்குகிறது. மக்கள் வைக்கோலும் மரக்கிளைகளும் மண்வெட்டிகளும் கொண்டு கரைக்கு ஓடிவருகின்றனர்.

இந்நிகழ்ச்சியில் நீர்ப்பாய்ச்சி செய்தியை அனுப்புவோர் ஆவார். கரைக்கு ஆபத்து என்பது செய்தி. பறையின் முழக்கம் குறி. காற்றில் செல்லும் ஒலி வழி. ஊரார் பெறுவோர். மழையின் பேரிரைச்சல் தடை. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாடு ஷானன் என்னும் அறிஞர், செய்தி செல்லும் முறையை இத்தகைய உறுப்புகளாகவே பிரித்துக் காட்டினார். செய்தியைக் கெடுக்கும் எதனையும் அவர் இரைச்சல் என்ற பெயரால் குறித்தார். தொலைபேசிக் கம்பிக்காக வகுத்த அவ்விதி பறையொலிக்கும் பொருந்துகிறது.

குறி என்பது அனுப்புவோரும் பெறுவோரும் முன்னரே உடன்பட்ட ஓர் அடையாளம். கோயில் விழாவுக்கு ஒலிக்கும் பறையும் கரையுடைப்புக்கு ஒலிக்கும் பறையும் ஒன்றே. அடிக்கும் முறையே வேறு. அவ்வேறுபாட்டை அறியாதவன் காதில் ஒலி விழும், செய்தி விழாது. சொற்களும் அவ்வாறே. ‘மடையைத் திற’ என்று ஒருவர் சொல்லலாம். எந்த மடையை, எவ்வளவு, எதுவரையில் என்பன சொல்லப்படவில்லை. மேலைமடையை எண்ணி அவர் சொல்ல, கீழைமடையைத் திறந்துவிட்டால் ஒருவர் வயல் மூழ்கும். மற்றவர் வயல் காயும். ஷானனின் கருத்துகளை விளக்கிய வாரன் வீவர், 1949இல் மூன்று வினாக்களை எழுப்பினார். செய்தி பிழையின்றிப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்த செய்தி கருதிய பொருளிலேயே விளங்கிற்றா? விளங்கியபின் வேண்டிய செயல் நடைபெற்றதா? முதல் வினாவுக்கு மட்டும் விடை கண்டு, ‘சொல்லிவிட்டேன்’ என்று அமைதி கொள்வோரே உலகில் பலர். மூன்றாம் வினாவுக்கு விடை கிடைக்கும் வரையில் செய்தி முற்றுப்பெறுவதில்லை.

அந்த விடையைக் கொண்டுவருவது மீள்செய்தி. இதனை இக்காலத்தார் பின்னூட்டம் என்பர். மடையைத் திறந்த நீர்ப்பாய்ச்சி அவ்விடத்திலேயே நின்றுவிடுவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து கடைசி வயல் வரை செல்கிறார். அங்கே நீர் எட்டியிருந்தால் மடையைக் குறைக்கிறார். எட்டவில்லையாயின் இடையில் எங்கே உடைப்பு அல்லது அடைப்பு உண்டென்று தேடுகிறார். கடைமடையில் கண்டது தலைமடையில் செய்ய வேண்டியதை முடிவு செய்கிறது. விளைவை அறிந்து செயலைத் திருத்தும் இவ்வியல்பே பொறிகளுக்கும் உயிர்களுக்கும் பொதுவானது என்று நார்பெர்ட் வீனர் என்னும் கணிதப் பேராசிரியர் 1948இல் எழுதிய நூலில் விளக்கினார். மீள்செய்தி இல்லாத கட்டளை, கண்ணை மூடிக்கொண்டு மடையைத் திறப்பதை ஒக்கும்.

செய்தி செல்லும் திசைகள் மூன்று. தலைவரிடமிருந்து தொண்டருக்குச் செல்வது கீழ்நோக்கிய செய்தி. ஊர்ச் சாவடியில் கூடிய பெரியோர், ‘நீர் குறைந்துவிட்டது, நாளை முதல் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும்’ என்று முடிவு செய்து அறிவிப்பது இவ்வகை. கரையில் கசிவு கண்ட ஊழியர் பெரியோருக்கு உரைப்பது மேல்நோக்கிய செய்தி. அடுத்தடுத்த வயலுடையோர் இருவர், ‘இன்று எனக்கு, நாளை உனக்கு’ என்று தம்முள் பேசி ஒத்துக்கொள்வது கிடைச்செய்தி.

இம்மூன்றனுள் எளிதிற் செல்வது கீழ்நோக்கிய செய்தி. எளிதில் தடைப்படுவது மேல்நோக்கிய செய்தி. தீய செய்தியைச் சொல்பவன் மீதே சினம் கொள்ளும் தலைவரிடம் ஒருவரும் உண்மை கூறார். கரையில் கசிவு உண்டென்று கூறினால், ‘முன்னரே ஏன் அடைக்கவில்லை’ என்று கடிந்துகொள்வார்களோ என அஞ்சி ஊழியர் வாளா இருந்துவிட்டால், ஒரு சிறு வளை பெரும் உடைப்பாகிவிடும். எனவே தீய செய்தியைப் பொறுமையுடன் கேட்பது தலைவர்க்குரிய பண்பு மட்டும் அன்று. நிறுவனத்தைக் காக்கும் அரணும் ஆகும்.

கிடைச்செய்தியின் சிறப்பைப் பிரான்சு நாட்டுப் பொறியியல் அறிஞர் ஹென்றி ஃபயோல் 1916இல் எடுத்துரைத்தார். ஒரு பிரிவைச் சேர்ந்தவர் மற்றொரு பிரிவினரிடம் பேச வேண்டுமாயின், தம் தலைவர் வழியே உச்சிக்கு ஏறி மீண்டும் கீழே இறங்குவது காலத்தை வீணாக்கும். அவசரக் காலத்தில் இருவரும் தலைவர்களின் இசைவோடு நேரே பேசிக்கொள்ளலாம் என்று கூறி, அதனைப் பாலம் என அவர் உருவகித்தார். சங்கிலிக் கண்மாய்களில் இப்பாலம் உயிர்காப்பது. மேலூரில் கலுங்கு வழிகிறது என்ற செய்தி, அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கிக் கீழூரை அடையுமுன் வெள்ளம் வந்து சேர்ந்துவிடும். மேலூரார் ஓர் ஆளை நேரே அனுப்பினால், கீழூரார் தம் கலுங்கைத் திறந்து காத்திருக்கலாம். மேலூருக்கும் கீழூருக்கும் பகையிருந்தால் அந்த ஆள் புறப்படமாட்டார். ஆதலின், நல்லுறவு என்பது ஆபத்து வரும் நாளில் செய்தி செல்வதற்காக முன்னரே கட்டி வைக்கும் பாலம் எனலாம்.

ஒழுங்கு முறையால் வகுக்கப்பட்ட வழியே செல்லும் செய்தியை முறைசார்ந்த செய்தி என்பர். சாவடிக் கூட்டமும் எழுத்தோலையும் அலுவலக ஆணையும் அவ்வகையின. ஊருணிக் கரையிலும் தேநீர்க் கடையிலும் மக்கள் தாமே பேசிப் பரப்புவது முறைசாராச் செய்தி. இதனை வெறும் வம்பு என்று ஒதுக்குதல் தவறு. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகில் ஹாதார்ன் என்னும் இடத்திலிருந்த தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடைபெற்றன. தொழிலாளர் தமக்குள் சிறு குழுக்களாக இணைந்து, எவ்வளவு வேலை செய்வது என்பதையும் தாமே வரையறுத்துக்கொண்டனர் என்பதும், மேலாளரின் கட்டளையைவிட அக்குழுவின் கருத்தே வலிமை பெற்றிருந்தது என்பதும் அங்கே வெளிப்பட்டன. கண்மாய் ஊரிலும், இரவில் களவாக மடை திறந்தவர் யார் என்பதைச் சாவடி அறியுமுன் ஊருணிக்கரை அறியும். அப்பழிக்கு அஞ்சியே பலர் முறை தவறாது நடந்துகொள்வர். ஆயினும் முறைசாராச் செய்திக்குப் பொறுப்பாளர் இல்லை. அது வாய்க்கு வாய் மாறும். கசிவு உடைப்பாகும், உடைப்பு ஊரழிவாகும். விரைவு அதன் நிறை. திரிபு அதன் குறை.

திரிபைத் தடுக்கும் கருவி எழுத்து. பேச்சு அன்றைக்கு உதவும். எழுத்து என்றைக்கும் உதவும். தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களின் உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைத் தெளிவாகக் கூறுகின்றன. தகுதி யாது, தகுதியின்மை யாது என்பன யாவரும் காணுமாறு கல்லில் எழுதப்பட்டன. ஒருவர் இறந்தாலும் பதவி மாறினாலும் விதி மாறாமல் நிற்பதற்கு இதுவே வழி. நிறுவனத்திற்கு நினைவாற்றல் உண்டென்றால் அது அதன் எழுத்தேடுகளில் உள்ளது.

ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858ஆம் ஆண்டில், கரைக்கு ஆபத்து நேரும்போது ஊராரை உழைப்பிற்கு அழைக்கவும் வழக்கமான குடிமராமத்தை வற்புறுத்தவும் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வழக்கம் தளர்ந்ததனால் அதனைச் சட்டத்தால் தாங்கிப் பிடிக்க முயன்றனர் போலும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. கண்மாய்கள் அரசின் பொறுப்பிற்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டை உடையவை பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் பிரித்தளிக்கப்பட்டன. இதனால் பொருளுதவி பெருகியது. எனினும், கரையில் நிற்பவருக்கும் முடிவு செய்பவருக்கும் இடையே தொலைவு கூடியது. செய்தி ஏறவேண்டிய படிகளும் மிகுந்தன. 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் நீக்கப்பட்டன. பாசனத்தை உழவரே ஆள்வதற்குரிய சட்டம் 2000இல் பிறந்தது. 2017இல் குடிமராமத்து என்னும் பெயராலேயே தமிழ்நாட்டு அரசு மீண்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

செய்தித்தொடர்பில் மறக்கலாகாத மற்றொரு கூறும் உண்டு. பேசும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அது. கரையின் ஒவ்வோர் அடியையும் அறிந்தவர் நீர்ப்பாய்ச்சி. ஆயினும் பழங்காலத்தில் பல ஊர்களில் அவர் ஒடுக்கப்பட்ட குடியினராக இருந்ததனால், சாவடியில் சமமாக அமர்ந்து கருத்துரைக்கும் உரிமையைப் பெறவில்லை. வயலில் நாற்று நட்டுக் களையெடுக்கும் பெண்கள் நீரின் நிலையை நாள்தோறும் கண்டனர். அவர்களையும் கூட்டத்திற்கு அழைப்பாரில்லை. பறையறைந்து செய்தி சொல்வதும் பிறப்பினால் ஒரு சாரார் மீது சுமத்தப்பட்டது. செய்தியைச் சுமந்தவருக்குச் செய்தியை ஆக்கும் உரிமை இல்லை. இது மனித மாண்புக்கு இழுக்கு. ஊரின் நலத்திற்கும் கேடு. அறிந்தவர் வாய் மூடியிருக்க, அறியாதவர் முடிவு செய்யும் நிறுவனம் தழைப்பதெங்ஙனம்? 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசின் தலைமைச் செயலாளர், அறிவிப்புகளுக்காகத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு, வண்டிகளில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வழி மாறியதோடு ஒரு பழைய இழிவும் நீங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பொதுச்சொத்தைக் காத்துப் பயன்கொள்ளும் மக்களின் அமைப்புகளைப் பற்றி ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்கப் பேராசிரியை. இவர் நூல் 1990இல் வெளிவந்தது. 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி இவரே. விதிகளுக்குக் கட்டுப்படுவோர் அவ்விதிகளை ஆக்குவதிலும் பங்குகொள்ளும் இடங்களில் பாசன அமைப்புகள் நெடுங்காலம் நிலைத்தன என்று இவர் கண்டார். இவரும் இவர்தம் துணைவர்களும் நடத்திய சோதனைகளில், பங்காளர்களை முகமுகமாகப் பேசவிட்டபோது அவர்களிடையே ஒத்துழைப்பு மிகுந்தது. பேச்சைத் தடுத்தபோது குறைந்தது.

இக்கருத்துகள் பாசனத்திற்கு மட்டும் உரியவை அல்ல. அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம். கூட்டுறவுச் சங்கத்திற்காக ஒருவர் சேலை நெய்வதாகக் கொள்வோம். நிறமும் கரையின் வகையும் பற்றிய செய்தி சங்கத்திலிருந்து தறிக்கு வருகிறது. நூலின் தரம் குறைவு என்ற செய்தி தறியிலிருந்து சங்கத்திற்குச் செல்ல வேண்டும். எவ்வகைச் சேலை விற்றது, எது தேங்கியது என்ற மீள்செய்தி கடையிலிருந்து இருவருக்கும் வரவேண்டும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற பெருஞ்சங்கங்களும், ஒரு தெருவில் நான்கு தறிகள் வைத்திருக்கும் சிறு குடும்பமும் இவ்விதிக்கு உட்பட்டவையே. இவற்றுள் ஒரு செய்தி நின்றாலும் தறி ஓடும். ஆனால் நெய்தது விலை போகாது.

இன்று கண்மாய் ஊர்களில் பெரும் மாறுதல்கள் நேர்ந்துள்ளன. பல ஊர்களில் நீர்ப்பாய்ச்சி என்னும் பணியே மறைந்துவிட்டது. வரத்துக்கால்களிலும் கண்மாயின் உட்பகுதியிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆழ்துளைக் கிணறு உடையவர் கண்மாயை எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராதவர் கூட்டத்திற்கு வருவதும் இல்லை. மறுபுறம், ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. முற்காலத்தில் பறை சென்றடைய ஒரு நாழிகை எடுத்த செய்தி இப்போது நொடிப்பொழுதில் ஊர்முழுதும் பரவும். ஆனால், நள்ளிரவில் கரைமீது நடந்து கசிவைக் காணும் கண் கைப்பேசிக்கு இல்லை. காண்பவர் இல்லையேல் அனுப்புவதற்குச் செய்தி இல்லை. கேட்டவர் எழுந்து வராவிட்டால் அனுப்பியும் பயனில்லை. கருவி விரைவைத் தரும், பொறுப்பைத் தராது.

பொதுநோக்கம், தெளிந்த குறி, தடையற்ற வழி, மீள்செய்தி, அஞ்சாது உண்மை உரைக்கும் உரிமை, பொறுமையுடன் கேட்கும் தலைமை, எழுத்தில் நிற்கும் விதி ஆகிய இவை பொருந்திய இடத்தில் பலர் ஒருவர்போல் இயங்குவர். பள்ளிக்கும் ஆலைக்கும் ஆட்சிமன்றத்திற்கும் இவையே அடிப்படை. அடுத்த மழைக்கு முன்னர் வரத்துக்காலைத் தூர்வார ஓர் ஊர் கூடுமாயின், அங்கே முதலில் வெட்டப்படுவது மண் அன்று. மனத்திற்கும் மனத்திற்கும் இடையே தூர்ந்து கிடக்கும் வாய்க்காலே ஆகும். அது திறந்துவிட்டால் கடைமடை வயலுக்கும் நீர் சேரும்.